கொக்குக்கு அடுத்த சொல்

மாசிலாமணி உபதேசியார் கொக்கு வரைக்கும் நன்றாகத்தான் எழுதினார்.

தேரி என்கிற செம்மணல் மேட்டை ஒட்டி, பனையும் உடைமரமும் நிற்கிற இடத்தில் அந்த ஆசிரமம் இருந்தது. ஓடு போட்ட ஜெபக்கூடம் ஒன்று, அதைச் சுற்றிச் சில அறைகள், ஒரு கிணறு, பின்பக்கம் ஓடை. மழைக்காலம் தவிர ஓடையில் தண்ணீர் கிடையாது, முள்தான். அங்கே இருந்தவர்கள் வேதத்தில் வருகிற சொற்களுக்கெல்லாம் ஒரு அகராதி எழுதிக்கொண்டிருந்தார்கள். எழுத வைத்தவர் எப்சிபா அம்மா. எபிரேயம் படித்தவர். குருமாராகப் போகிறவர்களுக்கு அதைப் பாடம் நடத்தியவர். ஒரு நாள் அந்த வேலையை விட்டுவிட்டு இங்கே வந்து உட்கார்ந்துவிட்டார். ஏன் விட்டீர்கள் என்று யாராவது கேட்டால், "பரீட்சைக்குத்தான் படிக்காங்க" என்பார். அதற்கு மேல் பேச்சு கிடையாது.

உபதேசியாருக்கு அறுபது தாண்டிவிட்டது. அம்மாவுக்கு அவரைவிடப் பத்து வயதாவது குறையும். ஆனாலும் சீடர் உபதேசியார்தான். வெளியூரிலிருந்து வருகிறவர்கள் முதலில் நேராக அவர் காலில் விழப் போவார்கள். அவர் பதறிப்போய் அம்மா இருக்கும் பக்கம் கையைக் காட்டுவார்.

வந்து சேருகிறவர்களுக்கு அம்மா ஓர் எழுத்தைக் கொடுப்பது வழக்கம். உபதேசியாருக்குக் கிடைத்தது ககர வரிசை. ஓய்வு பெறும்வரை சின்னச் சின்ன ஊர்களில் கோயில் மணி அடித்து, ஆராதனை நடத்தி, கல்யாணத்துக்கும் சாவுக்கும் ஜெபம் பண்ணி வந்த மனுஷர். சொற்கள் அவருக்குப் பழக்கப்பட்ட ஆடு மாடு மாதிரி வந்தன. கழுதையைப் பற்றி அவர் எழுதியதை வாசித்துவிட்டு அம்மா வாய்விட்டுச் சிரித்தார். கிணறு, குயவன், கூடாரம், கைம்பெண் எல்லாம் மளமளவென்று முடிந்தன. கொக்கும் முடிந்தது. கொடியைத் திராட்சையோடு சேர்த்துவிடலாம் என்று அம்மா சொல்லிவிட்டதால், அடுத்து வந்தது கொடுமை.

அங்கே வண்டி நின்றுவிட்டது.

எழுதுவார், கிழிப்பார். கிணற்றடியில் போய் முகத்தைக் கழுவிவிட்டு வருவார். மறுபடி எழுதுவார். கடைசியில் ஒரு நாள் காலையில் நாலு தாளை எடுத்துக்கொண்டு அம்மாவிடம் வந்தார். அம்மா முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தார். கையைத் துடைத்துவிட்டு வாங்கி, நிதானமாக வாசித்தார்.

"நல்லா எழுதியிருக்கிய அண்ணாச்சி."

"அப்ப அச்சுக்குக் குடுத்திரலாமாம்மா?"

"வாயால சொல்லுங்க பாப்போம். கொடுமைன்னா என்ன?"

உபதேசியார் கண்ணை மூடிக்கொண்டார். பிரசங்கத்துக்கு நிற்கிற மாதிரி நின்றார்.

"பலமுள்ளவன் பலமில்லாதவனுக்கு வம்பா செய்த அநியாயம். அடி, கொலை, கொள்ள, பொய்ச்சாட்சி எல்லாம் அதுக்குள்ள அடங்கும். நோவா காலத்துல பூமி நெறைய அதுதான் இருந்துச்சு. வெள்ளம் வந்ததே அதுக்காகத்தான்."

"அப்படின்னு யாரு சொல்லுதா?"

"ஆண்டவரே சொல்லுதாரு."

"வேற?"

"யோபு சொல்லுதாரு. எரேமியா சொல்லுதாரு. ஆபகூக் சொல்லுதாரு."

"அடிபட்டவங்களும், பாத்துக்கிட்டு நின்னவங்களும். அடிச்சவன் எவனாவது அந்த வார்த்தைய வாயால சொல்லியிருக்கானா?"

உபதேசியார் கண்ணைத் திறந்தார்.

அம்மா தாள்களைத் திருப்பிக் கொடுத்துவிட்டுக் கீரைக்குத் திரும்பினார்.

அவர் மறுபடியும் வேதத்தின் முதல் பக்கத்திலிருந்து தொடங்கினார். மூக்குக்கண்ணாடி வழுக்கி வழுக்கி விழ, விரலால் வரி வரியாகத் தடவிக்கொண்டு போனார். சாப்பாட்டு மணி அடித்தாலும் கேட்காது. பக்கத்து அறைக்காரர் போய்த் தோளைத் தொட்டுக் கூப்பிட வேண்டியிருந்தது.

ஒரு நாள் மத்தியானம், வெயிலையும் பார்க்காமல் அம்மாவின் அறை வாசலில் வந்து நின்றார்.

"ஒருத்தன் சொல்லியிருக்காம்மா. ஒரே ஒருத்தன். நினிவே ராஜா. யோனா போயிச் சொன்ன பெறகு, அவனவன் கையில இருக்க கொடுமைய விட்டுட்டுத் திரும்புங்கன்னு தன் சனங்களுக்குச் சொல்லுதான்."

"கையில இருக்க கொடுமை."

"ஆமாம்மா. கையிலன்னுதான் இருக்கு."

"சரி. மத்தவங்க எல்லாம் யாருகிட்டச் சொன்னாங்க?"

உபதேசியார் இதையும் பார்த்துவைத்திருந்தார். "யாருகிட்டன்னு இல்லம்மா. நடுத்தெருவுல நின்னு கத்துத மாதிரி இருக்கு. யோபு கத்துதாரு, கேக்க ஆளில்லன்னும் சொல்லுதாரு."

"படிச்சவங்க சிலபேரு அப்படித்தான் சொல்லுதாங்க. அந்தக் காலத்துல அடிபடுதவன் வேற ஒண்ணும் சொல்ல மாட்டானாம். அந்த ஒத்த வார்த்தையத்தான் கத்துவானாம். காதுல விழுந்தவன் ஓடி வரணும்."

"வரலன்னா?"

அம்மா விசிறிக்கொண்டிருந்த ஓலையைக் கீழே வைத்தார்.

உபதேசியார் வாசலைப் பிடித்துக்கொண்டு நின்றார். பிறகு, அகராதிக்குச் சம்பந்தமில்லாத குரலில் கேட்டார். "எதுவரைக்கும்னு ஆபகூக் கேக்காரும்மா. எதுவரைக்கும் நான் கூப்புட்டுக்கிட்டே இருக்க, நீரு கேக்காமலே இருக்கீருன்னு. எனக்கும் அது ஒண்ணுதான் தெரியணும். எதுவரைக்கும்?"

"நீங்க யாரு பக்கம் நின்னு கேக்கிய அண்ணாச்சி? கூப்புட்டவன் பக்கமா?"

அவர் தலையைக் குனிந்துகொண்டு போய்விட்டார்.

அவர் யாரைக் கூப்பிடுகிறார் என்பது ஆசிரமத்தில் எல்லாருக்கும் தெரியும். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் போனை எடுத்துக்கொண்டு கிணற்றுப் பக்கம் போவார். அங்கேதான் சிக்னல் கிடைக்கும். மகன் பென்னட்டுக்குப் போட்டுக் காதில் வைத்துக்கொள்வார். மணி போகும். போய்க்கொண்டே இருக்கும். எடுக்கவில்லை என்று ஒரு பெண்குரல் தமிழிலும் இங்கிலீஷிலும் சொல்லி முடிக்கிறவரைக்கும் காதிலிருந்து எடுக்க மாட்டார். பிறகு போனை வேட்டியில் துடைத்துச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டு வருவார். பார்க்கப் பாவமாக இருக்கும்.

ஆனால் அவர் முகத்தில் அப்போது ஒரு வெளிச்சம் இருக்கும். யாராவது கேட்டால் சொல்வார். "ரிங் போகுது. நம்பரப் பிளாக் பண்ணல. பண்ணணும்னா எப்பவோ பண்ணியிருப்பான்லா?"

வாரம் முழுவதும் அந்த மணிச்சத்தத்தை வைத்துக்கொண்டு ஓட்டிவிடுவார். எடுத்தால் என்ன சொல்வது என்றுகூட அவர் யோசித்துவைத்திருந்ததாகத் தெரியவில்லை. எடுக்க வேண்டும், அவ்வளவுதான். மூச்சுவிடுகிற சத்தம் கேட்டாலும் போதும்.

பென்னட் சாத்தூரில் இருந்தான். பைபாஸ் ரோட்டோரத்தில் பஞ்சர் கடை. சொந்தக்காரர் ஒருவர் பஸ்ஸில் போகும்போது பார்த்துவிட்டு வந்து சொன்னார். "நாலு கம்பு, மேல ஒரு தகரம், வெளிய ஒரு பழைய டயரத் தொங்க விட்டிருக்கான். அதான் கடை. ஒத்தக் கண்ண வச்சிக்கிட்டு என்ன வேகமா வேல பாக்கான் தெரியுமா?" உபதேசியார் அவரிடம் நாலைந்து தடவை திரும்பத் திரும்பக் கேட்டார். கடைக்கு நிழல் இருக்கிறதா, பக்கத்தில் தண்ணீர் கிடைக்கிறதா, மெலிந்திருக்கிறானா என்று. சொந்தக்காரருக்கே சலித்துப்போனது.

இங்கிருந்து சாத்தூர் ஒரு பகல் பயணம்கூட இல்லை. அவர் போனதில்லை. அவன் எடுத்து, வாங்க என்று சொன்னால் போவதாக இருந்தார்.

ஆவணி மாசத்தில் ஒரு சாயங்காலம், நாலு தாள் ஆறு தாளாகி அம்மாவிடம் மறுபடி வந்தது. நினிவே ராஜா உள்ளே வந்திருந்தான். தெருவில் கத்துகிறதைப் பற்றியும் ஒரு பத்தி இருந்தது. அம்மா வாசித்துவிட்டுத் தாள்களை மடியில் வைத்துக்கொண்டார்.

"ஒரு கத சொல்லட்டுமா அண்ணாச்சி? இது வேதத்துல இல்ல. நான் சொல்லுதது."

"சொல்லுங்கம்மா."

"நினிவேல ராஜா தண்டோரா போட்டுட்டான். எல்லாரும் கையில இருக்க கொடுமையக் கொண்டாந்து தெருவுல போடுங்கன்னு. ஊரே வந்து போட்டுச்சு. அருவா, கத்தி, சாட்ட, விலங்கு. தெருவுல நடக்க எடமில்ல. அந்தத் தெருவுல ஒரு மனுசன். ரொம்ப நல்லவன். ஒருத்தரையும் கை நீட்டி அடிச்சதில்ல. நம்மகிட்டப் போட ஒண்ணுமில்லயேன்னு சந்தோசமா வெளிய வந்தான். வந்து கைய விரிச்சுப் பாத்தான்."

"பாத்தா?"

"அவன் வீட்டுக் கதவுத் தாழ்ப்பா இருந்துச்சு."

உபதேசியார் எழுந்துவிட்டார். அவருக்குக் கோபம் வந்து அதுவரை அங்கே யாரும் பார்த்ததில்லை.

"என்னத்தான சொல்லுதிய?"

"நினிவேயச் சொன்னேன்."

"என் கையில தாழ்ப்பா கெடயாது. கதவ நான் பூட்டல. சும்மாதான் சாத்தியிருந்துச்சு. என் கை ரெண்டும் கூப்பியிருந்துச்சு. எந்தக் கோயில்லயும் வந்து சத்தியம் பண்ணுவேன், என் கை ரெண்டும் கூப்பித்தான் இருந்துச்சு!"

சொல்லிவிட்டு அவரே திடுக்கிட்ட மாதிரி நின்றார். பிறகு மெதுவாகக் கீழே உட்கார்ந்தார். அவராகச் சொன்னார்.

அப்போது அவர் வேறொரு ஊரில் உபதேசியாராக இருந்தார். கோயில் கமிட்டித் தேர்தல் நடந்த வருஷம். ஊரில் ஒரு பெரிய வீடு. அந்த வீட்டுக்காரர்தான் எப்போதும் நிற்பார், எப்போதும் ஜெயிப்பார். எதிர்த்து ஒருவன் மனு போட்டான். அவனுக்கு முன்மொழிந்து கையெழுத்துப் போட்டவன் பென்னட். தாயில்லாமல் வளர்ந்த பிள்ளை, துணிச்சல்காரன். வேண்டாம்டே என்று அப்பா சொன்னார். அவன் கேட்கவில்லை.

"லெந்து உபவாச நாளு. ஒரு வீட்டுல ஜெபக்கூட்டம். வீடு நெறைய ஆளு. கடைசி ஜெபம் நான்தான் பண்ணிக்கிட்டிருந்தேன். தெருவுல ஒரு சத்தம். ஐயோ, ஓடி வாங்களேன்னு ஒருத்தன் கத்துதான். அடி விழுத சத்தமும் கேக்கு. எல்லாருக்கும் கேட்டுச்சு. ஒருத்தரும் கண்ணத் தொறக்கல. ஜெபத்துக்கு நடுவுல எப்படித் தொறப்பாங்க? நான் நிறுத்தினாத்தான உண்டு."

"நிறுத்தலையா?"

"நிறுத்தல. சத்தம் கேக்காம இருக்கட்டும்னு குரல ஒசத்தினேன். இன்னொண்ணும் செஞ்சேன். அத நான் இதுவரைக்கும் யாருகிட்டயும் சொன்னதில்ல. அந்தக் கத்துதவனுக்காகவும் ஜெபம் பண்ணினேம்மா. ஆண்டவரே, வெளிய ஆபத்துல இருக்க அந்தச் சகோதரனுக்கு நீரே துணையா இரும்னு. உருக்கமா ஜெபிச்சேன். எல்லாரும் ஆமென்னு சொன்னாங்க. பெறகுதான் கதவத் தொறந்தோம்."

ஓடைப் பக்கம் ஒரு மயில் அகவியது. அவர் அது முடிகிறவரைக்கும் காத்திருந்தார்.

"என் மவன்னு தெரியாதும்மா."

"ம்."

"தெரிஞ்சிருந்தா ஓடியிருப்பேன்."

"ம்."

"ஆஸ்பத்திரில கட்டுப் போட்டுப் படுத்திருந்தான். பெரிய வீட்டு ஆளுங்க அடிச்ச அடியில ஒரு கண்ணு போயிட்டு. என்னப் பாத்து ஒண்ணே ஒண்ணுதான் கேட்டான். நான் கத்துனது கேட்டுச்சாப்பான்னு. நான் பொய் சொல்லுத பழக்கம் கெடயாது. கேட்டுச்சு மக்கா, உனக்காக ஜெபம் பண்ணினேன்னு சொன்னேன். அன்னைக்கு மூஞ்சத் திருப்புனவன்தான்."

அம்மா ஆறு தாளையும் ஒன்றாகச் சேர்த்து அவர் கையில் கொடுத்தார். அவர் வாங்கிக்கொண்டு இருட்டுகிறவரைக்கும் அங்கேயே இருந்தார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை வழக்கம்போலக் கிணற்றுப் பக்கம் போனார். மணி போனது. அன்றைக்கு மட்டும், அந்தப் பெண்குரல் வருவதற்கு முன்னாலேயே போனைக் காதிலிருந்து எடுத்துவிட்டார். திரும்பி வரும்போது முகத்தில் அந்த வெளிச்சம் இல்லை.

ஆசிரமத்தில் மத்தியான ஜெபத்துக்கு ஓர் ஒழுங்கு உண்டு. ஒருவர் எல்லாருக்காகவும் வாய்விட்டு ஜெபிப்பார். மற்றவர்கள் ஆமென் வரும்வரை கண்ணைத் திறக்கவோ அசையவோ மாட்டார்கள். ஒரு தடவை ஆடு ஒன்று உள்ளே புகுந்து, பீடத்தில் வைத்திருந்த பூவையெல்லாம் தின்றுவிட்டு ஆற அமரத் திரும்பிப் போனது. அப்போதும் ஒருவரும் அசையவில்லை. அதைப் பெருமையாகவே சொல்லிக்கொள்வார்கள்.

புரட்டாசி பிறந்து சில நாள் கழித்து உபதேசியாரின் முறை வந்தது. செருப்புகளை முன்வாசலில் வரிசையாக விட்டுவிட்டு எல்லாரும் உள்ளே வந்து உட்கார்ந்தார்கள். அவர் எழுந்து நின்று தொடங்கினார். மழைக்காக ஜெபித்தார். வியாதிக்காரர்களுக்காக ஜெபித்தார். அவர் ஜெபித்தால் கேட்க நன்றாக இருக்கும், குரல் அப்படி.

பின்பக்கத்து ஓடையிலிருந்து ஒரு சத்தம் வந்தது. மனுஷக் குரல். ஏதோ சொல்லிக் கத்தியது. திரும்பவும் அதையே கத்தியது. என்ன பாஷை என்று யாருக்கும் பிடிபடவில்லை. தமிழ் இல்லை.

"ஆண்டவரே, இந்த ஊரிலுள்ள" என்று சொன்ன உபதேசியார் அங்கேயே நிறுத்தினார்.

எல்லாரும் கண்ணை மூடிக்கொண்டு மீதி வாக்கியத்துக்காகக் காத்திருந்தார்கள். வாக்கியம் வரவில்லை. பின்கதவு சுவரில் மோதுகிற சத்தம்தான் வந்தது. வெறுங்கால்கள் சரளைக்கல்லில் ஓடுகிற சத்தம் வந்தது. அப்போதும் யாரும் கண்ணைத் திறக்கவில்லை, பழக்கம் அப்படி.

"ஆமெனுக்குக் காத்திருக்க வேண்டாம், எந்திரிங்க" என்றார் எப்சிபா அம்மா.

ஓடைக்குள் மூன்று பேர் ஓர் இளைஞனைக் கீழே போட்டு அடித்துக்கொண்டிருந்தார்கள். பக்கத்து ஹாலோ பிளாக் கம்பெனியில் வேலை பார்க்க வடக்கேயிருந்து வந்தவன். யாருடைய தோட்டத்திலோ மோட்டார் வயர் காணாமல் போயிருந்தது. அந்தப் பக்கம் புதிதாகத் தென்பட்ட ஆள் அவன்தான், அவ்வளவுதான் சாட்சி. உபதேசியார் முள்ளுக்குள் இறங்கி ஓடி, அடிக்கிறவர்களுக்கும் அவனுக்கும் நடுவில் போய் நின்றார். ஓங்கிய கம்பை நிறுத்த முடியவில்லை. அவருடைய முழங்கையில் விழுந்தது.

அடித்தவன் அவரை அடையாளம் தெரிந்தவன். "உபதேசியாரே, உமக்கு எதுக்கு இது? ஒதுங்கும்."

"ஒதுங்கத்தான் செஞ்சேன்டே, ஒருக்க" என்றார் அவர்.

அவர்களுக்கு அது விளங்கவில்லை. ஆனால் அவர் நகரவில்லை. அதற்குள் ஜெபக்கூடத்திலிருந்த அத்தனை பேரும் கரையில் வந்து நின்றார்கள். மூன்று பேரும் ஏதோ முனகிக்கொண்டு கம்பைப் போட்டுவிட்டுப் போனார்கள். இளைஞனை ஆட்டோவில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். உபதேசியாரும் கூட ஏறிக்கொண்டார். அவன் வழியெல்லாம் அவருடைய சட்டையைப் பிடித்துக்கொண்டு ஏதேதோ சொல்லிக்கொண்டு வந்தான். அவர் "ஆமாய்யா, ஆமாய்யா" என்று சொல்லிக்கொண்டு வந்தார்.

அவர் திரும்பி வந்தபோது வெயில் சாய்ந்திருந்தது. முழங்கை வீங்கியிருந்தது. இரண்டு பாதத்திலும் உடைமுள். அம்மா அவரைப் படியில் உட்காரச் சொல்லிவிட்டு, கீழ்ப்படியில் உட்கார்ந்து, அவருடைய காலைத் தூக்கித் தன் மடியில் வைத்துக்கொண்டார். உபதேசியார் பதறிக் காலை இழுத்தார். அம்மா விடவில்லை. சேலையிலிருந்து ஊக்கைக் கழற்றி முள்ளை எடுக்கத் தொடங்கினார்.

"பையன் எப்படி இருக்கான்?"

"தலையில தையல் போட்டிருக்கு. பொழச்சுக்கிடுவான். ரெண்டு கண்ணுக்கும் ஒண்ணுமில்லன்னு டாக்டர் சொன்னாரு. நான் திரும்பத் திரும்பக் கேட்டுக்கிட்டேன்."

"அவன் என்ன சொல்லிக் கத்துனான் அண்ணாச்சி?"

"தெரியாதேம்மா. என்ன பாஷையோ."

"அர்த்தம் தெரியாமலா ஓடுனிய?"

உபதேசியார் தன் காலைப் பார்த்தார்.

அம்மா ஒரு முள்ளை எடுத்துப் படியில் வைத்தார். அடுத்ததைத் தேடினார்.

"ஜெபத்தப் பாதியில விட்டுட்டேம்மா" என்றார் அவர். "எந்த எடத்துல விட்டேன்னுகூட ஞாபகமில்ல."

"நாங்களும் தொடரல. கெடக்கட்டும்."

"அந்த ஆறு தாளக் கிழிச்சிரட்டுமா?"

"எதுக்குக் கிழிக்கணும்? நல்லாத்தான் எழுதியிருக்கிய. அகராதிக்கு அது போதும்."

உபதேசியாருக்குக் கண் நிறைந்தது. காலில் முள் குத்தியதற்கு அழுகிறார் என்று பார்த்தவர்கள் நினைத்திருப்பார்கள். "அன்னைக்கு இப்படி ஓடியிருந்தா, பிள்ளைக்குக் கண்ணு இருந்திருக்கும்மா. எவன் பெத்த பிள்ளைக்கோ ஓடுன காலு, நான் பெத்ததுக்கு ஓடலையே. அவனப் பாக்கணும்மா. ஒரு வார்த்த பேச வேண்டாம், தூரத்துல நின்னு பாத்தாப் போதும். ஒருக்கப் போன எடுக்க மாட்டானா? ஒருக்க, வாங்கப்பான்னு சொல்ல மாட்டானா?"

"இன்னைக்கு அந்தப் பையன் உங்கள வாங்கன்னு சொன்னானா?"

அவர் வேட்டி நுனியால் கண்ணைத் துடைத்தார்.

கடைசி முள்ளும் வந்தது. அம்மா வேப்பெண்ணெயைத் தடவி, பழைய வேட்டித்துணியைக் கிழித்துச் சுற்றினார். பிறகு எழுந்து முன்வாசலுக்குப் போய், மத்தியானத்திலிருந்து அங்கேயே கிடந்த அவருடைய செருப்பை எடுத்துக்கொண்டு வந்து காலடியில் வைத்தார்.

"இதப் போட்டு நடக்க முடியுமான்னு பாருங்க."

"எங்கம்மா போக?"

"அன்னைக்குப் போகாத எடத்துக்கு."

உபதேசியார் ஒரு காலை நுழைத்தார். இன்னொரு காலை நுழைக்காமல் நிமிர்ந்தார்.

"அங்க போயி நிப்பேன். என்னப் பாத்ததும் அவன் கதவச் சாத்திட்டா என்னம்மா செய்ய?"

"பஞ்சர் கடைக்கு ஏது அண்ணாச்சி கதவு?"